ரெடிமேட் மாடலை வெச்சு ரெண்டர் பண்ணா செஞ்சவங்க பேரைப் போடணுமா?

ஒரு வாசகர் கேட்டது, 2024 ஜூன் 2

நான் டாஸ் ஸ்டுடியோ, பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்கள்ல மாடல்களை அடுக்கி, ரெண்டர் பண்ணி, அதாவது கம்ப்யூட்டர் மூலமா படமாக்கி, பொழுதுபோக்கா படம் பண்றவன். உருவம், முடி, சட்டை, பின்னாடி கட்டடம் எல்லாமே கடையில காசு கொடுத்து வாங்கினது, கொஞ்சம் ஃப்ரீயா எடுத்தது. படத்தைப் போட்டா உடனே யாராவது வந்து "மாடல் யார் செஞ்சது, பேர் போடலையா"னு கேக்குறாங்க. காசு கொடுத்து வாங்கினப்புறம் எதுக்குப் பேர்? பெயிண்ட் வாங்கி சுவத்துல அடிச்சா கம்பெனி பேரை சுவத்துல எழுதியா வைக்கிறோம்?

என் பதில், ஜூன் 2, ராத்திரி

பெயிண்ட் உதாரணம் ஒட்டல. பெயிண்ட் டப்பாவுக்குள்ள கண்ணு மூக்கு கிடையாது, நீங்க வாங்கின உருவத்துக்குள்ள இருக்கு. காது மடல் எங்க மடங்குது, கழுத்து திரும்பும்போது தோல் எப்படி இழுபடுதுன்னு ஒருத்தர் உக்காந்து பாத்துப் பாத்து வெச்சிருக்கார்.

லைசென்ஸ்னு பாத்தா நீங்க சொல்றதுல பாதி சரி. டாஸ் கடையில வாங்கினதை வெச்சு எடுக்குற படத்துக்குப் பேர் போட்டே ஆகணும்னு இல்ல, அந்தப் படத்தை விக்கவும் செய்யலாம், 3டி கோப்பையே கேமுக்குள்ள வெச்சுக் கொடுக்கணும்னாதான் தனியா இன்டராக்டிவ் லைசென்ஸ் வாங்கணும். ஆனா "கொஞ்சம் ஃப்ரீயா எடுத்தது"னு நடுவுல சொல்லிட்டுத் தாண்டிப் போறீங்களே, அங்கதான் சிக்கல். ஃப்ரீயா கொடுத்தவங்கள்ல பலபேர் கேக்குற ஒரே கூலி அந்தப் பேர் மட்டும்தான், அதையும் கொடுக்கலைன்னா அதுக்குப் பேர் என்ன?

நாளைக்கு என் கதையைச் சொல்றேன், இப்ப தூக்கம் வருது.

ஜூன் 3

2021ல ஒரு டீக்கடை பண்ணேன். மழை விட்ட சாயங்காலம், தகரக் கூரையில இருந்து சொட்டுது, பாய்லர்ல ஆவி, வெளிய ஒரு பழைய சைக்கிள் சாஞ்சிருக்கு. பகல்ல எனக்கு வேற வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேலதான் பிளெண்டர் திறப்பேன், அதனால அந்தப் படம் முடிய ரெண்டரை மாசம் ஆச்சு. பெஞ்சு, டீ கிளாஸ், பிஸ்கட் பாட்டில், தொங்குற வாழைத்தார், வெளிச்சம், கேமரா இதெல்லாம் நான் செஞ்சது. பாக்கி பதினோரு சாமான் இறக்கினது. படத்தைப் போட்டேன், கீழ "டீக்கடை, பிளெண்டர் சைக்கிள்ஸ்"னு மட்டும் எழுதினேன் (சைக்கிள்ஸ்ங்கிறது பிளெண்டர்ல ரெண்டர் பண்ற இன்ஜின் பேர்), ஒரு பேர் கூடப் போடல. கெட்ட எண்ணம்னு இல்ல, தோணவே இல்ல.

நிறைய பேர் பாத்தாங்க. ஒரு தம்பி எழுதினாப்ல, "அண்ணே அந்த செயின் கார்டுல துரு பிடிச்சிருக்கு பாருங்க, அதுவும் கால் உரசுற பக்கம் மட்டும் பெயிண்ட் போய் இரும்பு மினுங்குது, என்ன நுணுக்கம்ணே". நான் கும்பிடு போட்டு நன்றி தம்பின்னேன்.

அந்தத் துருவை நான் வைக்கல. சைக்கிள் ஸ்கெட்ச்ஃபேப்ங்கிற 3டி மாடல் தளத்துல இருந்து எடுத்தது, சிசி பை (கிரியேட்டிவ் காமன்ஸ்) லைசென்ஸ், பேர் போட்டா போதும்னு போட்டிருந்த மாடல். அவர் வெச்ச துருவுக்குப் புகழ்ச்சியை நான் வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். படத்துக்குப் பேர் போடாதது ஒரு தப்புன்னா, அந்த ஒரு கமெண்டுக்கு நான் சொன்ன பதில்தான் பெரிய தப்பு, இப்பவும் அதை நெனச்சா மனசு உறுத்தும்.

நாலு மாசம் கழிச்சு சைக்கிள் செஞ்சவரே மெசேஜ் பண்ணார். வெளிநாட்டுக்காரர். கோவமே இல்ல. உங்க மழையில என் சைக்கிள் நல்லா இருக்கு, என் பேரையும் சேர்க்க முடியுமா, அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தாக்கூட ஒரு மாதிரி ஆறியிருக்கும்.

ஜூன் 3, கொஞ்சம் கழிச்சு

மேல பதினோரு சாமான்னு சொன்னேன், பழைய ஃபைலைத் திறந்து எண்ணினேன், பன்னெண்டு. ஓரத்துல கரண்ட் கம்பத்துல இருக்கிற பீங்கானை விட்டுட்டேன்.

ஜூன் 6

"அப்புறம் என்ன பண்ணீங்க"னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க.

அன்னிக்கே சைக்கிளுக்குப் பேர் போட்டேன். சிசி பை 4.0ல ஒரு நல்ல விஷயம் இருக்கு, பேர் போடாம விட்டா உங்க உரிமை போயிடும், ஆனா தப்பு தெரிஞ்ச 30 நாளுக்குள்ள சரி பண்ணிட்டா தானாத் திரும்பி வந்துடும். அது எனக்கு அப்ப தெரியாது, பயந்துபோய்தான் போட்டேன். மத்த பதினொண்ணுக்கும் தேட உக்காந்தேன், ரெண்டு ராத்திரி போச்சு. ஜிப் ஃபைலை எல்லாம் இடம் பத்தலைன்னு அழிச்சிருந்தேன், உள்ள இருந்த மாடலுக்கெல்லாம் நானே "பாய்லர் ஃபைனல் ரெண்டு", "கம்பம் புதுசு"ன்னு பேர் மாத்தி வெச்சிருந்தேன். ஏழு கிடைச்சுது, நாலு கிடைக்கவே இல்ல. அந்த நாலுல ரெண்டை நானே புதுசா செஞ்சேன், ரெண்டைப் படத்துல இருந்து எடுத்துட்டு மறுபடி ரெண்டர் விட்டேன்.

ஸ்கெட்ச்ஃபேப்ல இறக்குற ஜிப்புக்குள்ள லைசென்ஸ்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், திறந்து பாத்திருக்கீங்களா? போடவேண்டிய கிரெடிட் வரியை முழுசா அவங்களே எழுதி வெச்சிருப்பாங்க, காப்பி பண்ணி ஒட்டினா முடிஞ்சுது. நான் வருஷக்கணக்கா அந்த ஃபைலைத்தான் முதல்ல டெலீட் பண்ணிட்டிருந்தேன்.

எழுதவேண்டியது முக்கியமா இதுதான்: செஞ்சவர் பேர், எடுத்த இடத்தோட லிங்க், எந்த லைசென்ஸ், மாத்தியிருந்தா மாத்தினேன்னு ஒரு வார்த்தை. 2013ல வந்த 4.0க்கு முன்னாடி தலைப்பையும் போட்டாகணும், இப்ப அது கட்டாயம் இல்ல, ஆனா போடுங்க, தேடுறவங்களுக்கு உதவும். எங்க போடுறதுங்கிறதுல ரொம்பக் கெடுபிடி கிடையாது, படம் எந்த இடத்துல இருக்கோ அதுக்குத் தக்கபடி நியாயமா இருந்தா சரி.

பேரை எப்ப எழுதுறோம்ங்கிறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. படம் முடிஞ்சப்புறம் எழுதலாம்னு நெனச்சா எழுதவே மாட்டோம். இறக்கின நிமிஷத்துல எழுதிடணும்.

ஜூன் 9

இதை எழுதாம இருக்க முடியல. "நன்றி: கூகுள்", "படம்: இணையம்", "நன்றி பின்ட்ரஸ்ட்". நம்ம ஆளுங்க எத்தனை இடத்துல இப்படிப் போடுறாங்க! நேத்து ஒரு நல்ல ஓவியர், டிஜிட்டல் கொலாஜ் பண்றவர், கீழ இதையே போட்டிருந்தார். பஸ்ல கிடைச்ச பர்ஸை எடுத்துக்கிட்டு "நன்றி: பஸ்"னு சொல்ற மாதிரி இருக்கு.

நம்ம மொழியில கிரெடிட்டுக்கும் நன்றிக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுப் பழகிட்டோம், குழப்பம் அங்கிருந்து வருதுன்னு நெனக்கிறேன். நன்றி சொல்றது மனசு, வேணும்னா சொல்லலாம் வேண்டாம்னா விடலாம். யார் செஞ்சதுன்னு சொல்றது தகவல். சிவகாசி காலண்டர்ல முருகன் படத்துக்கு ஓரத்துல கொண்டையராஜுன்னு கையெழுத்து இருக்கும், அதுக்கு யாரும் யாருக்கும் நன்றி சொல்லல, இதை வரைஞ்சது இந்தக் கைன்னு மட்டும் சொல்லுது.

ஜூன் 10

"காசு கொடுத்தா எல்லாம் நம்மது"ன்னு இன்னொருத்தர் எழுதியிருக்கார். நம்ம நாட்டுச் சட்டத்துலயே அப்படி இல்லைங்க. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 57வது பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்தப்புறமும் இது நான் செஞ்சதுன்னு சொல்லிக்கிற உரிமை படைச்சவர்கிட்டதான் இருக்குங்குது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவன்ல வெச்ச வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல அரசாங்கம் கழட்டிப் போட்டுச்சு, காசு கொடுத்து வாங்கின அரசாங்கம்தான். கேஸ் நடந்து 2005ல டெல்லி ஐகோர்ட் சேகல் பக்கம் தீர்ப்பு சொல்லி, சிற்பத்தையும் திருப்பிக் கொடுங்க, அஞ்சு லட்சமும் கொடுங்கன்னுச்சு. அது பேர் போடாததுக்கான கேஸ் இல்ல, படைப்பைச் சிதைச்சதுக்கானது, ஆனா அதே 57தான். வித்ததோட படைச்சவருக்கும் படைப்புக்கும் உள்ள உறவு அந்துபோறதில்ல.

ஜூன் 15

பாலி ஹேவன்ங்கிற ஃப்ரீ தளத்துல இருந்து வானம், தரை டெக்ஸ்சர் (மாடல் மேல போர்த்துற படம்) எடுத்தாலும் பேர் போடணும்னுதான் நான் சொல்லுவேன். அங்க இருக்கிறது எல்லாம் சிசி ஜீரோ, பேர் போடத் தேவையே இல்லைன்னு தெரியும். கிரெக் ஸால் நடத்தின எச்டிஆர்ஐ ஹேவன், ராப் டைடெல் நடத்தின டெக்ஸ்சர் ஹேவன் எல்லாம் 2021ல ஒண்ணாச் சேர்ந்து வந்ததுதான் இப்ப இருக்கிற பாலி ஹேவன். ஒரு எச்டிஆர்ஐ, அதாவது சுத்தி இருக்கிற வானத்தையும் வெளிச்சத்தையும் முழுசாப் பிடிக்கிற படம், எடுக்கணும்னா ஒரே இடத்துல டிரைபாட் போட்டு நாலாபக்கமும் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுப் பல ஷாட் எடுத்து ஒட்டணும், அதுக்குள்ள மேகம் நகர்ந்துடும், சூரியன் ஏறிடும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த வானத்துக்கு ஒரு வரி எழுதினா குறைஞ்சா போயிடுவோம்?

ஜூன் 16

நேத்து நான் எழுதினதுக்கு ஒரு அக்கா பதில் சொல்லியிருக்காங்க. "சிசி ஜீரோல கொடுக்கிறவங்க வேணும்னேதான் அந்தப் பாரத்தை இறக்கி வெச்சுக் கொடுக்கிறாங்க. நூறு கல்லு நூறு புல்லு வெச்சு ஒரு காடு பண்ற பள்ளிக்கூடப் பையன் நூறு வரி எழுதவேண்டாம்னு நெனச்சுக் கொடுத்தது. நீங்க கட்டாயம்னு சொன்னா அவங்க கொடுத்த கொடையை நீங்க மாத்துறீங்க."

சரிதான். யோசிச்சுப் பாத்தேன், நேத்து எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். சிசி ஜீரோவுக்குப் பேர் போடாதவங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்ல. நான் போடுவேன், அது என் பழக்கம். ஆனா பேர் போடாம இருக்கிறது வேற, நானே செஞ்சேன்னு சொல்றது வேற. சிசி ஜீரோ வானமா இருந்தாலும் "வானம் பிரமாதம்"னு ஒருத்தர் சொன்னா அது என்னுது இல்லைன்னு சொல்லிடணும், இதுல மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

ஜூன் 17

எழுத்துரு பத்திக் கேட்டவருக்கு: என் போஸ்டர்ல இருக்கிறது கவிவனார், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைச்சது, கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கு. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், படத்துல பேர் போடணும்னு அது கேக்காது. தமிழ்ல இத்தனை எழுத்துக்கும் ஒருத்தர் வளைவு வளைவா உக்காந்து போடுறதை நெனச்சா எனக்கு எழுதாம விட மனசு வரல, இதோ நீங்க கேட்டீங்க, பதில் சொல்ல முடிஞ்சுதே.

ஜூன் 22

இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சைக்கிள் விஷயத்துக்கு அப்புறம் வாங்கிக்கிட்டே இருக்கோமே, நாமளும் ஒண்ணு கொடுப்போம்னு 2022ல எங்க தெரு அடிபம்பை மாடல் பண்ணேன். ஃபோனை எடுத்துட்டுப் போய் காலையில வெயில் சாய்வா விழும்போது நூத்தி முப்பது போட்டோ எடுத்தேன், தண்ணி பிடிக்க வந்தவங்க என்ன தம்பி பம்புக்கு கல்யாணமான்னு கேட்டாங்க. அந்தப் பம்புல மூக்குக்குக் கீழ ஒரு சொட்டை இருக்கும். வருஷக்கணக்கா குடத்தை அங்க முட்ட முட்ட வெச்சு வந்த சொட்டை, ஒரு பக்கம் கொஞ்சம் ஆழம் அதிகம், ஏன்னா எல்லாரும் பள்ளிக்கூடப் பக்கம் இருந்துதான் வந்து வைப்பாங்க. கைப்பிடி நுனியில முக்கா அடிக்கு வழவழன்னு வெள்ளி மாதிரி, அதுக்கு மேல பழுப்பு. தலைப்பெட்டி மூடியில போல்ட் ஒண்ணு காணோம், அந்த ஓட்டையில யாரோ குச்சி சொருகி வெச்சிருப்பாங்க, குச்சியையும் சேர்த்தே செஞ்சேன். மூணு வாரம். சிசி பை போட்டு ஏத்தினேன்.

போன மாசம் ஒரு கிராமத்துக் காட்சி பாக்குறேன், யாரோ பண்ணது, ரொம்ப அழகான வேலை, மஞ்ச வெயில், கோழி, வைக்கோல் போர். நடுவுல ஒரு அடிபம்பு. கலர் மாத்தியிருக்காங்க, பச்சை. பெருசு பண்ணிப் பாத்தேன். மூக்குக்குக் கீழ அதே சொட்டை, ஒரு பக்கம் ஆழம் அதிகம். குச்சி கூட இருக்கு.

கீழ பேர் இல்ல. "எல்லாம் நானே"ன்னும் எழுதல, ஒண்ணுமே எழுதல. என் 2021 படம் மாதிரியே.

கோவம் வரும்னு நெனச்சேன், முதல்ல வந்தது சந்தோஷம்தான். எங்க தெருப் பம்பு எங்கேயோ ஒரு வைக்கோல் போர் பக்கத்துல நிக்குது. அப்புறம் ஒருத்தர் கீழ "பம்பு தத்ரூபம்"னு எழுதியிருந்ததைப் பாத்தேன், அவர் நன்றின்னு சொல்லியிருந்தார், அப்பதான் வலிச்சுது. அந்த சைக்கிள்காரர் எப்படி அவ்வளவு பொறுமையா எழுதினார்னு அன்னிக்குத்தான் நெனச்சுப் பாத்தேன். அவர் எழுதின மாதிரியே நானும் எழுதினேன், உங்க வெயில்ல என் பம்பு நல்லா இருக்கு, பேர் சேர்க்க முடியுமா.

ஜூன் 25

பதில் இன்னும் வரல. கேட்டவங்களுக்காகச் சொல்றேன். அவர் யாருன்னு சொல்லமாட்டேன், தேடவும் வேண்டாம்.

ஜூலை 1

"உங்க பம்பு"ன்னு ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து ஒரு யோசனை. அது என் பம்பா?

நம்ம ஊர்ல நாம பாக்குற அந்த அடிபம்புக்கு இந்தியா மார்க் டூன்னு பேர். 1970கள்ல இந்திய அரசும் யுனிசெஃப்பும் சேர்ந்து கொண்டுவந்தது, சென்னையில ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் பட்டறையில தயாராச்சு, அதுக்கும் முன்னோடி சோலாப்பூர் பக்கம் புழங்கின பம்பு. வடிவத்தை யாரும் பூட்டி வைக்கல, இந்தியத் தர நிர்ணயத்துல 9301னு நம்பர் போட்டு யார் வேணும்னாலும் செய்யலாம்னு திறந்து விட்டுட்டாங்க, அதனாலதான் ஊர் ஊருக்கு நிக்குது. நான் மாடல் ஏத்தினப்ப இதுல ஒரு வரி கூட எழுதல. அடிபம்பு, செஞ்சது நான், அவ்வளவுதான்.

3டி ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச, சோதனைக்கு எடுக்குற ஸ்டான்ஃபோர்ட் முயல் மாடல் இருக்கே, 1994ல கிரெக் டர்க்கும் மார்க் லெவாயும் ஸ்கேன் பண்ணது. அந்த மாடல்களை எடுத்தா எங்கிருந்து எடுத்தீங்கன்னு சொல்லுங்கன்னு ஸ்டான்ஃபோர்ட் கேக்குது, உலகமே சொல்லுது. ஆனா அது கடையில வாங்கின ஒரு சுட்ட களிமண் முயல். அதை வடிச்ச கை யாரோடதுன்னு எந்தக் கட்டுரைக்குக் கீழயும் நான் பாத்ததில்ல.

கோயில் தூண்ல யாளியை ஃபோட்டோகிராமெட்ரி பண்ணி, அதாவது நிறைய போட்டோ எடுத்து 3டி மாடலாக்கிப் போடுறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கும் இதைத்தான் கேக்குறேன். சிற்பி பேர் கிடைக்காது, சரி. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மண்டபம்னாவது எழுதுங்க. குறுந்தொகையில பாடினவர் பேர் தெரியலைன்னு தொகுத்தவங்க சும்மா விடல, பாட்டுல இருந்த சொல்லையே பேரா வெச்சாங்க, செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், அணிலாடு முன்றிலார்னு. பேர் இல்லாட்டி அடையாளத்தையாவது வெச்சுட்டுப் போனாங்க.

ஜூலை 2

ஒரு தம்பி பிடிச்சுட்டாப்ல: "அப்ப லைசென்ஸ் தெரியாத மாடலுக்கு 'பேர் தெரியாதவர்'னு போட்டுட்டு யூஸ் பண்ணலாமாண்ணே?" கூடாது. நான் சொன்னது ஆயிரம் வருஷத்துச் சிற்பத்துக்கு. போன வருஷம் யாரோ செஞ்ச மாடலுக்கு இல்ல. பேர் தெரியலைன்னா அதைத் தொடாதீங்க, அன்னிக்கு நான் நாலு சாமானை எடுத்த மாதிரி எடுத்துடுங்க.

ஜூலை 7

பேர் போட்டும் தப்பாப் போன கதை ஒண்ணு. ஒரு ஆட்டோ இறக்கினேன், சிசி பைன்னு இருந்துச்சு, ஒழுங்கா பேர், லிங்க் எல்லாம் போட்டேன். ஒரு மாசம் கழிச்சு டெக்ஸ்சரைத் திறந்தா ஒரே படத்துக்குள்ள ஆட்டோ பெயிண்டுக்குப் பக்கத்துல லாரி டயர், டிராஃபிக் சிக்னல், ஏதோ ஒரு கடை போர்டு. ஆட்டோவுக்கு எதுக்கு டிராஃபிக் சிக்னல்? ஒரு கேமுக்குள்ள இருந்து உருவி எடுத்து, ஏத்தினவர் தன் பேர்ல லைசென்ஸ் ஒட்டியிருக்கார். தன்னுது இல்லாததுக்கு அவர் கொடுத்த லைசென்ஸ் செல்லாது, நான் போட்ட கிரெடிட்டோ திருடினவருக்குப் போட்ட மாலை.

அதுல இருந்து இறக்குறதுக்கு முன்னாடி அந்த ஆள் போட்ட மத்த மாடல்களைப் பாப்பேன். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத பாணியில அம்பது மாடல், ஒண்ணுல கூட வயர்ஃபிரேமோ (மாடலோட கம்பிக்கூட்டைக் காட்டுற படம்) பாதி செஞ்ச நிலையோ இல்லைன்னா தாண்டிப் போயிடுவேன்.

ஜூலை 20

டீக்கடைக்காரர் (நெசமான டீக்கடை, படத்துக்கு நான் பாத்துப் பண்ணது அவர் கடையைத்தான்) புதுக் கடை திறக்கிறார், அந்தப் படத்தை ஃப்ளெக்ஸ் அடிச்சு வைக்கணும்னார். எனக்குக் காசு வேண்டாம்னேன், எடுத்துக்கோங்கன்னேன். வீட்டுக்கு வந்து லிஸ்டைப் பாத்தா சுவர்க் கடிகாரம் மட்டும் என்சி, அதாவது வியாபாரத்துக்கு ஆகாது. நான் காசு வாங்கலைங்கிறது கணக்கு இல்ல, படம் கடை விளம்பரமா நிக்கப்போகுதே. ராத்திரியோட ராத்திரியா நானே ஒரு கடிகாரம் பண்ணி மாட்டினேன்.

ஃப்ளெக்ஸ்ல பேர் எங்க போடுறது? கோயில் டியூப் லைட்டுல உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைச்ச மாதிரி ஆகிடக்கூடாதுன்னு ஒரு நண்பர் சொன்னார், அதுவும் நியாயம். கல்யாணப் பத்திரிகையில அச்சகம் பேர் வருமே, அந்த இடத்துல அதே அளவுல ஒரு வரி, மாடல்கள்னு போட்டு ஏழு பேர், எந்த லைசென்ஸ், முழு விவரம் இருக்கிற என் பக்கத்தோட முகவரி. எல்லா லிங்க்கும் தரக்கூடிய பக்கத்துக்கு ஒரு முகவரி கொடுத்தா 4.0 ஒத்துக்குது. அடிச்சுக் கொடுத்த பையன் கேட்டான், "யாரு சார் இவங்கல்லாம், கட்சிக்காரங்களா?" சைக்கிள், கம்பம், பாய்லர்னு ஒண்ணொண்ணாக் காட்டினேன், பையன் போர்டை விரிச்சுப் போட்டு ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தான்.

ஜூலை 28

எங்க எழுதி வைக்கிறதுன்னு கேட்டவருக்கு. நோட்டுப்புத்தகம் போதும், ஆனா பிளெண்டர்லயே வழி இருக்கு. மாடலை அசெட்டா (மறுபடி எடுத்துப் பயன்படுத்துற சாமானா) குறிச்சீங்கன்னா அசெட் பிரவுசர்ல பக்கத்துல ஆத்தர், லைசென்ஸ், காப்பிரைட்னு கட்டம் வரும், இறக்கின கையோட அதுல அடிச்சுடுங்க, லிங்க்கை டிஸ்கிரிப்ஷன்ல போடுங்க. மாடலுக்கு நீங்க என்ன பேர் மாத்தினாலும் அது கூடவே வரும். எனக்கு இப்ப முந்நூத்திச் சொச்சம் சாமான் அப்படி இருக்கு.

ஆகஸ்ட் 4

பச்சைப் பம்புக்காரர் எழுதிட்டார். ஊருக்குப் போயிருந்தாராம், மெசேஜை இப்பதான் பாத்தாராம். பேர் போட்டுட்டார், "பம்பு தத்ரூபம்"னு சொன்னவருக்கும் கீழயே பதில் போட்டு இது இன்னார் செஞ்சதுன்னு சொல்லிட்டார். நான் சொல்லாமலே அதைச் செஞ்சார், 2021ல எனக்கு அது தோணல. நானும் போய் என் பம்பு பக்கத்துல இந்தியா மார்க் டூ, எங்க தெரு, பள்ளிக்கூடம் எதிர்லன்னு ரெண்டு வரி சேர்த்துட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11

முதல் கேள்வி கேட்டவரே புதுப் படம் போட்டிருக்கார், கீழ முடி யாரோடது, உருவம், கட்டடம், வானம்னு ஒவ்வொண்ணுக்கும் பேரும் லிங்க்கும். போஸும் வெளிச்சமும் என்னுதுன்னு அதையும் தனியா எழுதியிருக்கார், நல்லா இருக்கு, அந்த ஜன்னல் வெளிச்சம் ரொம்பவே நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சுங்க, அந்த நீலச் சட்டை யார் செஞ்சது? முழங்கைகிட்ட மடிப்பு அப்படியே விழுந்திருக்கு, எனக்கும் வாங்கணும்.